நவாப் வீட்டு அலமாரியும் வேலூர் வெயிலும்

பழைய மரச்சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு, குறிப்பாக நம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் இருந்துகொண்டு கடலோர ஊர்களுக்குப் போய் வாங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன பணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'ரோஸ்வுட்' அலமாரி ஒன்று 95,000. கை நீண்ட சாய்வு நாற்காலி ஒரு ஜோடி 38,000. கணக்குப்பிள்ளை மேசை ஒன்று 17,000. ஆக மொத்தம் ஒன்றரை லட்சம். வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி சேர்த்து 13,500. அப்புறம் மருந்து, பிரம்பு, ஆசாரி கூலி, வக்கீல் நோட்டீஸ் என்று 21,000க்கு மேல். திரும்பி வந்தது 45,000. வீட்டுக்காரர் வேலை நிமித்தம் வடக்கே இருப்பதால் கடைக்காரரிடம் பேசுவது, ஆசாரியைத் தேடுவது, நோட்டீஸ் கொடுப்பது எல்லாம் என் தலையில். யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் ராத்திரி தூக்கம் கெட்ட நாட்கள் உண்டு. இதைப் பற்றி முன்கூட்டியே சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் பாதி பணமாவது மிஞ்சியிருக்கும்.

வாலாஜாபேட்டையில் எங்கள் தாத்தா வீட்டில் இப்படிப்பட்ட சாமான்கள் இருந்தன. பாகப்பிரிவினைக்குப் பிறகு வீட்டை இடித்தபோது எல்லாம் போய்விட்டது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். காட்பாடியில் எங்கள் வீட்டு வேலை முடிந்ததும், கூடத்துக்குப் பழைய பாணியில் நாலு சாமான் வாங்கலாம் என்று கிளம்பினேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். புதுச்சேரியிலும், கொச்சி மட்டாஞ்சேரி யூதர் தெருவிலும் இந்த வியாபாரம் பெரிய அளவில் நடக்கிறது. நான் வாங்கியது ஒரு கடலோர ஊரில் உள்ள பெரிய காட்சியறையில். ஊரையும் கடையையும் சொல்லப்போவதில்லை. அதே தெருவில் நாணயமான வியாபாரிகளும் இருக்கலாம், எல்லோர் மீதும் சேற்றை வாரி இறைக்க எனக்கு மனசில்லை.

கடையில் இரண்டு வகைச் சாமான்கள் கலந்து நிற்கும் என்பது முதலில் தெரிய வேண்டும். ஒன்று, நிஜமாகவே பழையது. இன்னொன்று, பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகச் செய்தது. இரண்டாவது வகையில் ஒரு குற்றமும் இல்லை. நல்ல ஆசாரி, நல்ல காய்ந்த மரத்தில், அந்தக் கால முறையில் செய்த அலமாரி, உளுத்துப்போன நூறு வருஷத்துச் சாமானைவிட எத்தனையோ மேல். புதுசைப் பழசு என்று சொல்லிப் பழசின் விலையை வாங்கும்போதுதான் அது ஏமாற்று வேலை. எனக்கு நடந்தது அதுதான்.

விற்கிறவர் முதலில் விற்பது கதையை. என் அலமாரிக்கு அவர் சொன்ன கதை, "மேடம், நீங்க வேலூர்ப் பக்கம்னு சொன்னீங்க இல்ல, இது உங்க ஊர்ச் சாமான்தான். ஆற்காடு நவாப் அரண்மனையில இருந்தது, கைமாறிக் கைமாறி எங்ககிட்ட வந்திருக்கு." கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நவாப் முகம்மது அலி வாலாஜா 1768 வாக்கிலேயே சென்னை சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு போய்விட்டார். ஆற்காட்டில் இன்று பாலாற்றங்கரையில் டெல்லி கேட் நிற்கிறது, அரண்மனை இல்லை. ஹேங்கர் மாட்டக் கம்பி வைத்து, கதவில் ஆள் உயரக் கண்ணாடி பதித்த அலமாரியை அந்தக் கால நவாப் எதற்கு வைத்திருந்தார்? வேலூர்க் கோட்டையில் திப்பு சுல்தான் குடும்பம் உபயோகித்த நாற்காலி என்று ஒரு நாற்காலியையும் காட்டினார்கள். 1806 சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன நாற்காலி இருநூறு வருஷம் கழித்துப் பிரம்பு கூடப் பிரியாமல் கடைக்கு வந்து உட்கார்ந்திருக்குமா? கலெக்டர் பங்களா, மிஷன் ஆஸ்பத்திரி, ரயில்வே வெயிட்டிங் ரூம், ஜமீன் வீடு என்று வாங்குகிறவரின் ஊருக்குத் தகுந்த மாதிரி கதை மாறும். கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், காசு கொடுக்காதீர்கள். எந்த வீட்டிலிருந்து எடுத்தது, எடுத்தபோது பிடித்த படம் இருக்கிறதா என்று கேட்டால், நிஜமாகவே வீட்டிலிருந்து எடுத்த வியாபாரி போனைத் திறந்து காட்டுவார். பழுதுபார்ப்பதற்கு முன் எடுத்த படம் இல்லாத வியாபாரி அபூர்வம்.

பாதிப் பணம் முன்பணமாகக் கொடுத்தேன். மீதியைச் சாமான் ஏற்றும் அன்று. பில் போட்டால் 18 சதவீத வரி சேரும், எஸ்டிமேட் போதுமே என்றார்கள். நான் பில் வேண்டும் என்று நின்றதால் ஒன்று கொடுத்தார்கள். அதில் எழுதியிருந்தது 'பழைய மர அலமாரி 1' என்று மட்டும். என்ன மரம் என்று இல்லை, எத்தனை வருஷம் என்று இல்லை. அந்த நேரத்தில் எனக்கு உதவியாக அமைந்தது வாட்ஸ்அப். வாங்குவதற்கு முன் படம் அனுப்பியபோது அவர்களே '100 வருஷம் பழசு, ஒரிஜினல் ரோஸ்வுட், கேரண்டி' என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரி இல்லை என்றால் 45,000மும் வந்திருக்காது. ஆகவே வாயால் சொன்னதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் மரத்தின் பெயர், பழையதா புதிதாகச் செய்ததா, எந்தெந்தப் பாகம் மாற்றியது என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். போனை மாற்றும்போது அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

சாமான் வந்து இறங்கியது ஐப்பசி மழையில். அப்போது எல்லாம் கச்சிதமாக இருந்தது. கதவு சத்தமில்லாமல் மூடியது, இழுப்பறை வெண்ணெயாக வழுக்கியது. வருகிறவர்கள் எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு விலை கேட்டார்கள். மாசி போனது. பங்குனியில் வெயில் ஏறியதும் ஒரு மத்தியானம் கூடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். பல்லி எதையோ தள்ளிவிட்டது என்று நினைத்தேன். ராத்திரி மறுபடியும். காலையில் பார்த்தால் அலமாரியின் இடப்பக்கப் பலகை மேலிருந்து கீழாக விரிந்து, உள்ளே மாட்டியிருந்த புடவையின் நிறம் வெளியிலிருந்தே தெரிந்தது. சித்திரையில் கத்திரி வெயில் வந்தபோது கதவு கோணி, பூட்டு விழவில்லை. வலப்பக்கக் கதவில் இன்னொரு வேடிக்கை. பலகை வெடிக்கவில்லை, ஆனால் சட்டத்தை ஒட்டி விளிம்பு நெடுகிலும் விரல்நக அகலத்துக்கு ஒரு வெளுத்த கோடு தோன்றியது. கறுத்த அலமாரியில் சோளத்தட்டை நிறத்தில் ஒரு கோடு. துடைத்தால் போகவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். "மரம்னா உயிருள்ள பொருள் மேடம், கொஞ்சம் வெடிக்கத்தான் செய்யும். அதுதான் ஒரிஜினல்னு அர்த்தம்" என்றார். படம் அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. அப்புறம் போனை எடுக்கவே இல்லை. வயிறு எரிந்தது என்பது இதற்குத்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

தெரிந்தவர் மூலம் வயசான ஒரு ஆசாரி வந்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கி அந்த வெளுத்த கோட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாம்மா இது, பழசுன்னு யாரு சொன்னது? நூறு வருஷத்துப் பலகை சுருங்குறதெல்லாம் எப்பவோ சுருங்கி முடிச்சிருக்கும். இது இப்பத்தான் காயுது." அவர் சொன்னதைத்தான் இந்தப் பதிவிலேயே முக்கியமானதாக நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். மரம் காற்றில் உள்ள ஈரத்துக்குத் தகுந்தபடி விரியும், சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது, அகலவாக்கில்தான் அசையும். கடலோரத்தில் காற்றில் எப்போதும் ஈரம். நம் ஊரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வறண்ட வெயில். அங்கே சரியாகக் காயாத மரத்தில் செய்து, இங்கே கொண்டுவந்து கோடையில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் போகும், பலகை சுருங்கும். இது அந்தக் காலத்து ஆசாரிகளுக்குத் தெரியும். அதனால்தான் கதவுச் சட்டத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம் வெட்டி, பலகையைப் பசை போடாமல் அதற்குள் சும்மா செருகி வைப்பார்கள். விரிந்தாலும் சுருங்கினாலும் காடிக்குள்ளேயே நடந்துகொள்ளும். என் அலமாரியில் வலக்கதவு அப்படிச் செய்தது, அதனால் வெடிக்கவில்லை. ஆனால் பலகையைச் செருகிய பிறகு சாயம் பூசியிருக்கிறார்கள். காடிக்குள் மறைந்திருந்த சாயம் படாத விளிம்பு, பலகை சுருங்கியதும் வெளியே எட்டிப் பார்த்துவிட்டது. இடப்பக்கம் பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டி, ஆணியும் அடித்திருந்தார்கள். அது அசைய வழியில்லாமல் நடுவில் பிளந்துவிட்டது.

நிஜமாகவே பழைய சாமானும் கடலோரத்திலிருந்து இங்கே வந்தால் கொஞ்சம் அசையும். ஒரு மயிரிழை வெடிப்பு, ஒரு இணைப்பு தளர்வது சகஜம். நான் சொல்வது விரல் நுழையும் பிளவை. வாங்கி வந்ததும் முதல் கோடை முடியும் வரை ஏசி காற்று நேராகப் படும் இடத்திலோ, மேற்கு ஜன்னல் வெயில் விழும் இடத்திலோ வைக்காதீர்கள். முடிந்தால் கோடையிலேயே வாங்குங்கள், மழைக்காலத்தில் எல்லா மரமும் அழகாகத்தான் பொருந்தியிருக்கும். மரத்தின் ஈரத்தைக் காட்டும் சின்னக் கருவி ஆயிரத்துச் சொச்சத்துக்கு ஆன்லைனில் கிடைக்கிறது. இரண்டு ஊசியைப் பலகையில் குத்தினால் எண் காட்டும். 12 பக்கம் இருந்தால் தைரியமாக எடுக்கலாம். 15ஐத் தாண்டினால் எனக்கு வேண்டாம். ஊசியைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குத்துங்கள், கடைக்காரர் முகம் மாறும், மாறட்டும்.

அப்புறம் ஆசாரி அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தி முதுகைப் பார்த்தார். கடையில் இந்த முதுகு சுவரோடு ஒட்டி நின்றது, திருப்பிக் காட்டச் சொன்னால் ஆள் இல்லை என்றார்கள். முதுகுப் பலகை மட்டும் நிஜமான பழைய தேக்கு, ஏதோ வீட்டுக் கதவு. அதில் பழைய ஆணி இருந்த இடத்தைச் சுற்றி மரம் கறுத்திருந்தது. இரும்பு ஆணி வருஷக்கணக்கில் மரத்தில் இருந்தால் அப்படிக் கறை இறங்கும். ஆனால் அந்தப் பலகையைச் சட்டத்தோடு பிடித்திருந்த ஆணிகளைச் சுற்றி ஒரு கறையும் இல்லை. பட்டி வைத்து அடைத்திருந்த ஒரு குழியைக் கத்தி முனையால் நோண்டினார், உள்ளே பளபளவென்று ஒரு ஸ்டார் ஸ்க்ரூ. பிளஸ் குறி போட்ட அந்தத் திருகாணி 1930களில்தான் உலகத்துக்கே வந்தது. இழுப்பறையை உருவித் தலைகீழாகக் கவிழ்த்தார். அடிப்பலகையில் வில் போல வளைந்த ரம்பக் கோடுகள், அதாவது மோட்டாரில் ஓடும் வட்ட ரம்பத்தில் அறுத்த பலகை. கையால் இழுத்து அறுத்த ரம்பத்தின் கோடு நேராக, ஒன்றுக்கொன்று இடைவெளி ஒழுங்கில்லாமல் இருக்கும். இழுப்பறை ஓடும் தடத்தையும் காட்டினார். வருஷக்கணக்கில் இழுத்து மூடிய இழுப்பறையின் அடிவிளிம்பு தேய்ந்து பள்ளம் விழுந்திருக்க வேண்டும். இதில் விளிம்பு கூராகவே இருந்தது. ஆனால் யாரும் தொடாத மேல் மூலைகளில் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் 'பழசாக்கி' இருந்தார்கள்.

கடைசியாக மரம். உள்பக்கம் ஒரு மூலையைச் சுரண்டினார். ரோஸ்வுட் என்றால், நம் ஆசாரிகள் ஈட்டி, தோதகத்தி என்பார்கள், சுரண்டினாலும் உள்ளே அதே கருஞ்சிவப்பு, கொஞ்சம் ஊதா கலந்து இருக்க வேண்டும். இதில் ஒரு தாள் கனத்துக்குக் கறுப்பு, அதற்குக் கீழே வெளுத்த மரம். "வாகையோ இன்னாவோ, சாயத்த அடிச்சுக் குடுத்துட்டான்" என்றார். ரோஸ்வுட் மலிவாகக் கிடைக்கும் மரம் இல்லை. பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டி மரத்தைக்கூட இஷ்டத்துக்கு வெட்டக்கூடாது என்று தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டமே போட்டார்கள். ஆகவே ஆள் உயர அலமாரி முழுக்க ரோஸ்வுட் என்று ஒருவர் சொன்னால், சுரண்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். கடையில் சுரண்ட விடுவார்களா என்றால், இழுப்பறையின் உள்விளிம்பில், காலுக்கு அடியில் விடுவார்கள். நிஜச் சரக்கு வைத்திருப்பவருக்கு அதில் பயமில்லை.

நாற்காலிகள் நிஜமானவை, அதையும் சொல்ல வேண்டும். பிளாண்டர் சேர் என்பார்களே, கையின் நீட்டத்தில் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம், அந்த வகை. தேக்கு. ஆனால் ஒன்றில் உளுப்பு. வைகாசியில் தரையில் கோலமாவு சிந்தினாற்போல ஒரு சின்னக் குவியல், பெருக்கினால் மறுநாள் மறுபடியும். தேக்கு உளுக்காது என்பார்கள். வைரம் பாய்ந்த கட்டை அநேகமாக உளுக்காது, ஓரத்தில் விழும் வெள்ளைக் கட்டைதான் பூச்சிக்குத் தீனி. என் நாற்காலியின் ஒரு கையில் உள்பக்கம் பாதி வெள்ளை. ஓட்டை இருப்பதாலேயே பயப்பட வேண்டாம், பழைய சாமானில் செத்துப்போன ஓட்டைகள் எத்தனையோ இருக்கும். அடியில் கறுப்புத் தாள் விரித்துச் சில நாள் விட்டுவிடுங்கள், புதுத் தூள் விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. உடனே மற்ற மரச்சாமான்களிலிருந்து தள்ளி வையுங்கள். எனக்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். மண்ணெண்ணெய் தடவு என்றார்கள், நாற்றம்தான் மிச்சம். மொட்டை மாடியில் வெயிலில் போடு என்றார்கள். நம் வெயிலில் போட்டால் பூச்சி சாகிறதோ இல்லையோ இணைப்பு பிரிந்துவிடும். கடைசியில் பூச்சி மருந்து ஆளை வரவழைத்து ஓட்டை ஓட்டையாக ஊசியில் மருந்து ஏற்றி, பாலித்தீன் போட்டுச் சுற்றி வைத்தோம். பாலிஷ் போட்ட மேற்பரப்பில் மருந்தைத் தெளித்தால் உள்ளே இறங்காது, ஓட்டை வழியாகவோ பாலிஷ் இல்லாத அடிப்பக்கத்திலோதான் ஏற்ற வேண்டும். ஒரு வருஷம் கண்காணிக்கச் சொன்னார். இதுவரை தூள் இல்லை.

பிரம்பும் கோடையில் போனது. சட்டத்தில் வரிசையாகத் துளை போட்டுக் கையால் பின்னியது ஒரு வகை. ரோல் ரோலாக வரும் பிரம்புப் பாயை வெட்டிக் காடிக்குள் அழுத்தி ஒட்டியது இன்னொரு வகை. என் நாற்காலிகளில் துளை இருந்தும் அதை மூடிவிட்டுப் பாய் ஒட்டியிருந்தார்கள், அது வருஷம் தாங்கவில்லை. கையால் பின்னுகிறவர் துளைக் கணக்கில் கூலி கேட்டார், இரண்டு நாற்காலிக்கும் 7,600 ஆனது. பின்னல் காய்ந்து நொறுங்காமல் இருக்க, கோடையில் அவ்வப்போது பிரம்பின் அடிப்பக்கத்தில் ஈரத்துணி ஒற்றி எடுக்கச் சொன்னார். மேல்பக்கம் பாலிஷ் இருப்பதால் தண்ணீர் ஏறாதாம். கணக்குப்பிள்ளை மேசையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சின்னது, நேர்மையானது, பேரன் பேத்திகள் வந்தால் அதில்தான் எழுதுவார்கள்.

சரி, பணத்துக்கு வருகிறேன். வெளியூர்க் கடை, எங்கே போய் அலைவது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வாங்கிய விலை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. பிரச்சினை தெரிந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் பதியலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினால் உங்கள் புகாரைக் கடைக்காரருக்கு அனுப்புவார்கள். நான் அதையும் செய்தேன், வக்கீல் மூலம் நோட்டீஸும் அனுப்பினேன். நோட்டீஸோடு வாட்ஸ்அப் படமும், ஸ்டார் ஸ்க்ரூவின் படமும், சுரண்டிய மூலையின் படமும், ஆசாரி எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளும் இணைத்தோம். அதுவரை எடுக்காத போன் தானாக அடித்தது. "அக்கா, நமக்குள்ள எதுக்கு கோர்ட்டு கேஸு" என்றார். மேடம் அக்காவானது அன்றைக்குத்தான். அலமாரியைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணம் தர முடியாது, 45,000 தருகிறேன், அலமாரியும் உங்களிடமே இருக்கட்டும் என்றார். வழக்கு நடத்தியிருக்க வேண்டும் என்று தம்பி இன்னும் சொல்கிறான். எனக்குத் தெம்பில்லை, வாங்கிக்கொண்டேன்.

நடுவில் இன்னொரு விஷயம். அந்தக் கடையில் யானைத் தந்தம் பதித்த பெட்டி, தேரிலிருந்து எடுத்த மாதிரியான மரச்சிற்பம் எல்லாம் காட்டினார்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் கிட்டே போகாதீர்கள். தந்த வியாபாரம் சட்டவிரோதம், கோயில் பொருள் என்றால் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு வரை போகும். அதேபோல வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பழைய சாமான் அனுப்பலாம் என்று நினைப்பவர்கள், நூறு வருஷம் தாண்டிய கைவினைப் பொருளை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி வெளியே அனுப்ப முடியாது என்று தெரிந்துகொள்ளுங்கள். புதிதாகச் செய்ததாக இருந்தாலும் பார்க்கப் பழசு போல இருந்தால், தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கச் சொல்வார்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் கடைக்காரர்கள் "புதுசுதான் சார்" என்று உண்மையைச் சொல்வார்களாம்.

கடைசியில் அந்த ஆசாரியிடமே ஒரு அலமாரி செய்துகொண்டேன். அது புதுசு என்று அவரும் சொன்னார், நானும் சொல்கிறேன். மரம், இடித்த வீட்டிலிருந்து வந்த தேக்கு உத்திரம். வருஷக்கணக்கில் நம் ஊர் வெயிலிலேயே காய்ந்தது, இனி பெரிதாகச் சுருங்காது. பழைய மரத்தில் ஒரு தொந்தரவு, உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி. ரம்பப் பல் போய்விடும் என்று அறுவை மில்லில் வாங்கவே தயங்குவார்கள். காந்தம் வைத்துத் தேடி, பிடுங்கிக் கொடுத்த பிறகுதான் அறுத்தார்கள். மரம் கன அடிக் கணக்கில் வாங்கும்போது நீங்களே ஒரு முறை பெருக்கிப் பாருங்கள். அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். 6க்கு 4 அங்குலத்தில் 9 அடி உத்திரம் என்றால் ஒன்றரை கன அடி. அறுத்து இழைத்தால் அதில் கணிசமாகக் கழிந்துபோகும், அதையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். பணத்தை மரம் வாங்க, கூடு நிற்க, முடிய என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். பாலிஷ் போடுவதற்கு முன் பூச்சு எதுவும் இல்லாத வெறும் மரமாக ஒருமுறை பார்ப்பேன் என்று பேச்சிலேயே வைத்துக்கொண்டேன். பட்டியும் சாயமும் ஏறிவிட்டால் எல்லா மரமும் ஒரே மரம்தான். மெலமைன் என்ற கெமிக்கல் பாலிஷ் வேண்டாம், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ் போதும் என்றேன். அது தண்ணீருக்கும் சூட்டுக்கும் கொஞ்சம் பயப்படும், சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். ஆனால் அலமாரியில் யார் டம்ளர் வைக்கப்போகிறார்கள். கீறல் விழுந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசிக்கொள்ளலாம், மொத்தமாகச் சுரண்ட வேண்டியதில்லை. எல்லாம் சேர்த்து 68,000. இரண்டு கோடை ஆகிவிட்டது, பூட்டு விழுகிறது.

இனி தாத்தா வீட்டுக் கதை. வாங்கும்போது படும் பாடு போலவே விற்கும்போதும் உண்டு. ஆற்காடு, வாலாஜா, ஆரணி, குடியாத்தம் பக்கம் பழைய வீடுகள் வேகமாக இடிபடுகின்றன. இடிப்புக்காரரிடம் வீட்டை ஒப்படைக்கும்போது 'உள்ளதெல்லாம் சேர்த்து' என்று ஒரே தொகை பேசுவார்கள். எங்கள் சித்தப்பாவும் அப்படித்தான் பேசினார். நிலைக்கதவு, ஊஞ்சல் பலகை, கல்லாப்பெட்டி, பத்தாயம், ஒரு பெரிய அலமாரி எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்கிவிட்டன. பின்னாளில் அதே இடிப்புக்காரரைப் பார்த்தபோது, ஊஞ்சல் பலகை மட்டும் எவ்வளவுக்குப் போனது என்று அவரே பெருமையாகச் சொன்னார், சித்தப்பா முகம் சுருங்கிப் போனது. மரச்சாமானைத் தனியாக எடுத்துவிட்டு மிச்சத்துக்குப் பேசுங்கள். இரண்டு மூன்று வியாபாரிகளிடம் படம் அனுப்பி விலை கேளுங்கள். விற்பதற்கு முன் அழகாக இருக்கட்டும் என்று புது பாலிஷ் போட்டுவிடாதீர்கள், பழைய மேற்பரப்புக்குத்தான் விலை. பித்தளைக் கைப்பிடி, பழைய பூட்டு, சாவி எதையும் கழற்றித் தனியாகப் போடாதீர்கள். வீட்டோடு சாமான் நிற்கிற மாதிரி நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டுச் சாமான் என்று காட்ட அந்தப் படம் இருந்தால், நேர்மையான வியாபாரி அதற்கே கூடுதலாகக் கொடுப்பார்.